இரு கட்ட றொக்கற்றின் இயக்கம்: ஒரு கணக்கும் அதன் எல்லையும்

இயக்கச் சமன்பாடுகளை மனனஞ் செய்த மாணவரும் இரு கட்ட றொக்கற் பற்றிய வினாவில் இடறுவதுண்டு. அவர்தம் இடறல் பெருக்கலிலோ கூட்டலிலோ அன்று; அச்சமன்பாடுகள் மாறா ஆர்முடுகலுக்கு மட்டுமே உரியவை என்பதை மறந்துவிடுவதிலேயே நிகழ்கின்றது. ஆர்முடுகல் மாறுமிடத்தில் இயக்கத்தைப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

ஓய்விலிருந்து நிலைக்குத்தாக மேலெழும் றொக்கற் ஒன்றைக் கொள்வோம். முதற் கட்டத்தில், 10 செக்கனுக்கு, அதன் விளையுள் ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 20 மீற்றர்; இரண்டாங் கட்டத்தில், அடுத்த 10 செக்கனுக்கு, 30 மீற்றர். பின்னர் எரிபொருள் தீர்ந்துவிடுகின்றது. வளித்தடையைப் புறக்கணித்து, புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொள்வோம்.

முதற் கட்ட முடிவில் வேகம் 20 × 10 = 200; உயரம் ½ × 20 × 10² = 1000 மீற்றர். அவ்வேகமே இரண்டாங் கட்டத்தின் தொடக்க வேகமாகும். ஆர்முடுகல் ஒரு கணத்தில் மாறலாம். வேகமோ அவ்வாறு பாய்ந்து மாறுவதில்லை. ஆகவே இரண்டாங் கட்ட முடிவில் வேகம் 200 + 30 × 10 = 500; அக்கட்டத்தில் எழுந்த தூரம் 200 × 10 + ½ × 30 × 10² = 3500 மீற்றர். எரிபொருள் தீருகையில் உயரம் 4500 மீற்றர். ஆயினும் அது உச்சமன்று. அமர்முடுகலுடன் அது மேலும் 500² ÷ 20 = 12500 மீற்றர் எழுந்து, 17000 மீற்றரிலேயே கணநேரம் ஓய்வடையும்.

இரு ஆர்முடுகல்களின் சராசரியாகிய 25 ஐக் கொண்டு 20 செக்கனையும் ஒரே கட்டமாகக் கணித்தால் என்ன? வேகம் 500 எனச் சரியாகவே வரும். உயரமோ 4500 இற்குப் பதிலாக 5000 எனப் பிழைத்துவிடும். ஏனெனில், இடைப்பட்ட ஒவ்வொரு கணத்திலும் றொக்கற்றின் வேகம் சராசரிக் கணக்குக் காட்டுவதிலும் குறைவாகவே இருந்தது. கட்டங்களை இடமாற்றினாலும் இறுதி வேகம் மாறாது. உயரம் 5500 மீற்றராகும். இறுதி வேகத்தை மட்டும் நோக்குவோர்க்கு இம்மூன்று பயணங்களும் ஒன்றாகவே தோன்றும்.

மெய்யான றொக்கற்றில் எரிபொருள் எரிய எரியத் திணிவு குறைவதால், உந்துவிசை மாறாதிருப்பினும் ஆர்முடுகல் கூடிச் செல்லும். வெறுமையான முதற் கட்டத்தைக் கழற்றிவிடுவதும் பயனற்ற திணிவைச் சுமவாதிருத்தற்கே. சோவியத் அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1929இல் வெளியிட்ட 'றொக்கற் தொடர்' பற்றிய ஆய்வின் அடிப்படையும் இதுவே. பாடநூற் கணக்கு இம்மெய்ம்மையின் சுருக்கம் மட்டுமே. எனவே, எக்கட்டத்தில் எது மாறாதிருக்கின்றது என்று முதலிற் கேட்கும் பழக்கத்தை வகுப்பறை வளர்த்தல் வேண்டும். சமன்பாட்டைத் தெரிவது அதன் பின்னரே.