சம்பளம் நின்ற பிறகு நிலத்துக்கு வருகிறவர்களுக்கு

ஐப்பசி மழை இறங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்தி எல்லாம் மழைத்தண்ணி. மழை ஓய்ந்து, தண்ணி வடிந்து, திரும்பப் பாத்தி மிதிக்கிற வரைக்கும் அங்கே கூலி கிடையாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது, எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த வருஷம் உப்பளத்துக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. ஆனால் மூன்று மாதக் குடும்பச் செலவுக்கு அது எங்கே பத்தும்? நடவுக்குப் போவார்கள், களை எடுப்பார்கள், நூறு நாள் வேலை இருந்தால் அதற்கும் போவார்கள். வீட்டில் இரண்டு ஆடு நிற்கும்.

வருஷா வருஷம் வேலை நிற்கும் என்று தெரிந்தே குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். வேலை போனால் எப்படிப் பிழைப்பது என்பது, பேங்கில் குப்பை கொட்டிய என்னைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் 11 வருஷம் வேலை பார்த்தவன். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் காரை இறக்கியது நினைவிருக்கும். பெரிய ஆலை ஒன்று மூடினால் அதை நம்பியிருக்கும் சின்னக் கம்பெனிகளும் ஆட்டம் காணும். இவனுடைய கம்பெனி கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு ஆட்களைக் குறைத்தது. போன சித்திரையில் கிளியனூருக்கு வந்தான்.

“மாமா, கணக்கு முடிச்சுக் குடுத்துட்டாங்க. ஒரு ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயம் பண்ணலாம்னு இருக்கேன். போர் போட எவ்ளோ ஆகும்?”

எனக்குத் திக்கென்றது. 2001இல் நான் கேட்ட அதே கேள்வி.

நான் செய்த தப்பு

2000-01இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 40 வயது முடிந்தவர்கள் அல்லது 15 வருஷம் பணி முடித்தவர்கள் எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொரு பணி வருஷத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதமுள்ள பணிக்காலத்துச் சம்பளம், எது குறைவோ அது. நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். அதில் நானும் ஒருவன். எனக்கு அப்போது 40 வயது, 18 வருஷ சர்வீஸ். கையில் வந்தது ஏறக்குறைய மூன்று வருஷச் சம்பளம். பேர்தான் விருப்ப ஓய்வு. பாதி விருப்பம், பாதி பயம்.

அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் இருந்தது. தண்ணியைச் சோதிக்காமல், வந்த பணத்தில் பாதியைப் போட்டு ஆழமாக ஒரு போர், மோட்டார், கம்பி வேலி. முதல் கோடையில் நல்ல தண்ணி. இரண்டாவது கோடையில் வாயில் வைக்க முடியவில்லை. நிலக்கடலை இலை ஓரமெல்லாம் கருகியது. எத்தனையோ பேருக்கு நகைக்கடன் போட்டுக் கொடுத்தவன், அன்று என் மனைவியின் வளையலோடு கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்றேன்.

அப்புறம் ஒரு அரிசி மில்லில் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன். விடியற்காலை வயல், பத்து மணிக்கு மில். ஆபீசராக இருந்தவர் மில்லில் கணக்கு எழுதுகிறார் என்று ஊரில் பேசினார்கள். முதலில் கூசியது. ஆனால் நிலத்தை விற்காமல் காப்பாற்றிக் கொடுத்தது அந்த மில் சம்பளம்தான்.

அதனால்தான் சொல்கிறேன்: போன சம்பளத்தை முதல் வருஷமே நிலத்திடம் கேட்காதீர்கள். நிலம் தரும், ஆனால் மாசம் ஒண்ணாம் தேதி தராது.

முதலில் செய்ய வேண்டியவை

வர வேண்டியதை வாங்குங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கான தொகை வரும். அதைப் பணி வருஷத்தால் பெருக்கிச் சரிபாருங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்கள், வேலையிழப்பு உதவி உண்டா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். இன்னொரு வேலை கிடைத்தால் அந்தக் கணக்கு தொடரும்.

ஒரு வருஷ வீட்டுச்செலவை, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் உட்பட, தனியாக டெபாசிட் போடுங்கள். வட்டிக் கடன் இருந்தால் அடையுங்கள். மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதல் வருஷம் வயலில் இறக்காதீர்கள்.

நிலம் வாங்க வேண்டாம், குத்தகைக்கு எடுங்கள். அரை ஏக்கர் போதும். ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்தால்தான் நிலத்தின் குணம் தெரியும்.

தண்ணியைச் சோதியுங்கள். கழுவெளி, மரக்காணம் பக்கம் இது கட்டாயம். அதுவும் கோடையின் கடைசியில் எடுத்த தண்ணியாக இருக்க வேண்டும். மண், நீர் பரிசோதனைக் கூடத்தில் மின்கடத்தும் திறன் என்று ஒரு எண் தருவார்கள். அது 2ஐத் தாண்டினால் நிலக்கடலை, நெல் இரண்டிலும் மகசூல் குறைய ஆரம்பிக்கும். உவர் தாங்கும் குழியடிச்சான் மாதிரி நெல்லை மழைக்காலத்தில் போட்டுப் பார்க்கலாம். கடலோரத்தில் ஆழமாக உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே வரும். இன்னொரு போர் அதற்கு மருந்தாகாது.

வருமானத்தை நாலாகப் பிரியுங்கள்

தினமும் காசு தருவது பால். ஒரு மாடு போதும். வாராவாரம் தருவது கீரை, முருங்கை, முட்டை. முளைக்கீரை 25 நாளில் கைக்கு வரும். பருவத்துக்குத் தருவது 110 நாள் கடலை, நெல்லுக்குப் பின் 70 நாள் உளுந்து, தை மாசத் தர்பூசணி. நாலு வருஷம் கழித்துத் தருவது சவுக்கு. வேலை போனவர்கள் பெரும்பாலும் மூன்றாவதிலும் நான்காவதிலும் பணத்தைக் கொட்டிவிட்டு, முதல் இரண்டைச் சில்லறை என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டு அடுப்பு எரிவது அந்தச் சில்லறையில்தான்.

இன்னொன்றும் நம் நண்பர்கள் பலர் புதியவர்களிடம் சொல்வதில்லை. இயற்கை விளைபொருள் என்று சான்று வாங்க, ஒருபோகப் பயிர்களுக்கு இரண்டு வருஷமும் மரப்பயிர்களுக்கு மூன்று வருஷமும் மாறுகாலம் உண்டு. அதுவரை சந்தை விலைதான், மகசூலும் குறையலாம். கூடுதல் விலையை நம்பி முதல் வருஷக் கணக்கைப் போடாதீர்கள்.

கடைசியாக, வெளி வேலை. கையில் இருக்கிற தொழிலை விடாதீர்கள். வெல்டிங் தெரிந்தவர் வெல்டிங் செய்யட்டும், கணக்குத் தெரிந்தவர் கணக்கு எழுதட்டும். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

அக்கா மகன் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். ஆடியில் திரும்பி வந்தான். இப்போது என் நிலத்துக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் குத்தகை. வாரத்தில் நாலு நாள் திண்டிவனத்தில் மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை. ஒரு மாடு, நாலு பாத்திக் கீரை. பழைய சம்பளத்தில் பாதிகூட இன்னும் வரவில்லை. “ஆனா டெபாசிட்டைத் தொடலை மாமா” என்றான்.

இந்த மழைக்கு அவன் கீரை அழுகிப் போகலாம். போனால் பால் இருக்கும், கடை இருக்கும். மழை விட்டதும் திரும்ப விதைப்பான்.