பற்றவைப்பது கடினம், அணைவது சுலபம்

விஸ்வநத்தத்துக்காரர்களுக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் இவற்றை எந்த அளவில், எவ்வளவு பக்குவமாகக் கலக்க வேண்டும் என்பது சிவகாசியை ஒட்டிய இந்த ஊரில் பல வீடுகளுக்குச் சோறு போடும் அறிவு. மருந்தில் ஓர் உராய்வு போதும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 உயிர்கள் போனதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. ஆகவே, சூரியனைப் பூமியில் எரிக்கப் போகிறார்கள் என்று அணுக்கரு இணைவு பற்றிச் செய்தி வரும்போது இங்கே எழக்கூடிய முதல் கேள்வி நியாயமானதுதான்: அது வெடித்துவிட்டால்?

வெடிக்காது. பட்டாசு மருந்து எரியத் தேவையான ஆக்சிஜன் அந்த மருந்துக்குள்ளேயே, வெடியுப்பில் இருக்கிறது. தீப்பிடித்துவிட்டால் காற்றை அடைத்தாலும் நிற்காது. இணைவு இதற்கு நேர்மாறு. டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரு வகைக் கன ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும் குணமுள்ளவை. அவற்றை ஒட்டவைக்கச் சுமார் 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டும். சூரியனின் மையத்திலேயே 1.5 கோடி டிகிரிதான். அங்கே பெரும் அழுத்தம் துணைக்கு இருக்கிறது, நம்மிடம் அது இல்லை. இவ்வளவு சூடான வாயு, அதாவது பிளாஸ்மா, சுவரைத் தொட்டாலோ, அதற்குள் கொஞ்சம் அந்நியப் பொருள் கலந்தாலோ குளிர்ந்து அணைந்துவிடும். உலைக் கலத்துக்குள் எந்த நேரத்திலும் சில கிராம் எரிபொருள்தான் இருக்கும். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. டிரிட்டியம் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்று மேல். இணைவில் வெளிப்படும் நியூட்ரான்கள் தாக்கும் சுவரும் காலப்போக்கில் கதிரியக்கம் பெறும். ஆனால் கட்டுமீறி ஊரை அழிக்கும் வெடிப்பு இதில் நேர வழியில்லை.

இணைந்து முடிந்தபின் மிஞ்சும் சாம்பல் ஹீலியம். அதை மனிதர்கள் முதலில் அடையாளம் கண்ட விதம் பட்டாசுத் தொழிலுக்கு நெருக்கமானது. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள் என்று ஒவ்வொரு உப்புக்கும் தனி நிறம் உண்டு. ஒளியின் நிறத்தை வைத்தே பொருளை அறியலாம். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அப்போதைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்தில் பொருந்தவில்லை. அது பூமியில் அதுவரை அறியப்படாத தனிமம் என்ற முடிவுக்கு வந்தவர் லண்டனின் வானியலாளர் லாக்யர். பூமியிலேயே அந்த ஹீலியம் கையில் கிடைத்தது 1895இல்தான்.

அந்தச் சாம்பலைத் தரும் நெருப்பை நாமே மூட்டுவதில் இப்போது எங்கே நிற்கிறோம்? இங்கிலாந்தின் ஜெட் (JET) என்ற இணைவு ஆய்வு இயந்திரம் 2023 அக்டோபரில் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து, ஏறத்தாழ 5 நொடிகளில், 69 மெகாஜூல் ஆற்றல் எடுத்தது. அதே அளவு ஆற்றலுக்கு இருபது கிலோவுக்கு மேல் கருமருந்து எரிய வேண்டும். மின்கட்டணக் கணக்கில் சொன்னால் அது 19 யூனிட். ஆனால் அந்தப் பிளாஸ்மாவைச் சூடாக்கச் செலுத்தியது கிடைத்ததைவிட அதிகம்.

போட்டதைவிடக் கூடுதலாக எடுத்த முதல் இடம் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம். 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றார்கள். உலகமே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதும்தான். செய்திகளில் கடைசி வரிக்குத் தள்ளப்பட்டது இன்னொரு எண். அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். அதாவது 83 யூனிட் இழுத்து, ஒரு யூனிட்டுக்கும் குறைவான வெப்பம். 'வெற்றி' என்று படிக்கும்போதெல்லாம் எதை எதனோடு வகுத்தார்கள் என்று கேட்டுப் பழக வேண்டும்.

நெருப்பைப் பிடித்து வைத்திருப்பதே பெரும்பாடு. டோகமாக் என்ற வளைய வடிவக் கலத்தில் காந்தப்புலம் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் தாங்குகிறது. பிளாஸ்மாவோ முறுக்கிக்கொண்டு நழுவப் பார்க்கிறது. இந்த நிலையின்மைக்குக் கணிதம் எழுதியவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். நட்சத்திரங்களுக்காகவே அவரை அறிகிறோம். 1958இல் காஃப்மன், வாட்சன் ஆகியோருடன் காந்தத்தால் இறுக்கப்பட்ட பிளாஸ்மாவின் நிலைப்பு பற்றி அவர் எழுதியது பலருக்குத் தெரியாது. 2025 பிப்ரவரியில் பிரான்சின் வெஸ்ட் இயந்திரம் பிளாஸ்மாவை 1,337 நொடிகள், அதாவது 22 நிமிடம் தாங்கியது. அதில் டிரிட்டியம் இல்லை, இணைவு ஆற்றலும் எடுக்கப்படவில்லை. ஆனாலும் தாங்கும் கலையில் அது நிஜமான முன்னேற்றம்.

1955இல் அணுசக்தியின் அமைதிவழிப் பயன்பாடு பற்றிய ஜெனீவா மாநாட்டுக்குத் தலைமை வகித்த இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா, இருபது ஆண்டுகளில் இணைவு ஆற்றலைக் கட்டுக்குள் கொண்டுவர வழி பிறக்கும் என்றார். எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகம் 1989இல் ஆதித்யா டோகமாக்கை உள்நாட்டிலேயே கட்டி இயக்கியது. அதன்பின் மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட எஸ்எஸ்டி-1 வந்தது. பிரான்சில் எழும் ஐட்டர் உலையில் இந்தியாவும் பங்காளி. அந்த உலையை மூடி நிற்கும் 3,850 டன் எடையுள்ள கிரையோஸ்டாட் என்ற வெற்றிடக் கலனின் பாகங்கள் குஜராத்தின் ஹஸிராவில் எல் அண்ட் டி ஆலையில் செய்யப்பட்டுக் கடல் வழியே போனவை. 2025இல் முதல் பிளாஸ்மா என்றிருந்த ஐட்டரின் கால அட்டவணை 2024இல் மாற்றப்பட்டது. இப்போது ஆராய்ச்சி இயக்கம் 2034இல்; டியூட்டீரியம், டிரிட்டியம் எரிப்பு 2039இல். அதுவும் மின்சாரம் தராது. 50 மெகாவாட் வெப்பம் செலுத்தி 500 மெகாவாட் எடுக்க முடியுமா என்று பார்க்கும் சோதனைதான்.

எரிபொருள் கடல்நீரில் கொட்டிக் கிடக்கிறது என்பார்கள். பாதி உண்மை. டியூட்டீரியம் கடலில் நிறைய உண்டு. டியூட்டீரியத்தைச் செறிவாக்கிக் கனநீராக எடுக்க ஓர் ஆலை, இங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவிலுள்ள தூத்துக்குடியில் 1978இல் தொடங்கப்பட்டது. டிரிட்டியம்தான் சிக்கல். இயற்கையில் அது அநேகமாக இல்லை. கல்பாக்கத்தில் உள்ளதுபோன்ற கனநீர் அணு உலைகளில் துளித்துளியாக உண்டாகிறது. 1,000 மெகாவாட் இணைவு வெப்பத்தை ஓராண்டு தொடர்ந்து எடுக்கச் சுமார் 55 கிலோ டிரிட்டியம் வேண்டும். உலகில் ராணுவம் சாராத இருப்பு அதில் பாதி அளவுதான். எனவே உலையைச் சுற்றி லித்தியம் வைத்து, வெளியேறும் நியூட்ரான்களால் டிரிட்டியத்தை அங்கேயே விளைவிக்க வேண்டும். எரிந்ததைவிடக் கூடுதலாக விளைய வேண்டும். எந்த உலையிலும் இன்னும் இது செய்து காட்டப்படவில்லை. என் கணிப்பில், வெப்பநிலைச் சாதனைகளைவிட இந்தக் கணக்குதான் இணைவின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.

அடுத்தது சுவர். இணைவு ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான்கள் சுமந்து போகின்றன. மின்னேற்றம் இல்லாத அவற்றைக் காந்தம் தடுக்காது. அவை உலோகத்துக்குள் பாய்ந்து அணுக்களை இடம்பெயர்த்து அதை நொறுங்கவைக்கும். இதற்கென, நீண்டகாலக் கதிரியக்கத்தைக் குறைக்கும் வகையில் குரோமியம், டங்ஸ்டன், டான்டலம் கலந்த ஒரு தனி எஃகை கல்பாக்கம் இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையம், காந்திநகர் கழகம், ஹைதராபாத் மிதானி நிறுவனம் சேர்ந்து உருவாக்கியிருக்கின்றன. தமிழ்நாட்டு மண்ணில் நடந்த இந்த வேலை செய்தித்தாளில் தலைப்பாக வராதது எனக்கு வருத்தம். இத்தகைய எஃகுகளை உண்மையான இணைவு நியூட்ரான்களின் வேகத்திலும் அடர்த்தியிலும் ஆண்டுக்கணக்கில் வைத்துச் சோதிக்க இன்று உலகில் ஓரிடமும் இல்லை. ஸ்பெயினின் கிரானடா அருகே அதற்கென ஒரு சோதனைக்கூடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.