கண்ணில் விட்ட துளி போகும் வழி



கண்ணிலே மருந்து விட்ட சற்று நேரத்தில் தொண்டையிலே கசப்புத் தட்டுவதை உங்களிற் பலர் உணர்ந்திருப்பீர்கள். கண்ணுக்கும் தொண்டைக்கும் என்ன தொடர்பு? மேலிமையிலும் கீழிமையிலும், மூக்கை அடுத்த மூலையில், ஊசித் துவாரம் போன்ற சிறு துளை ஒவ்வொன்று உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே மூக்கினுள் வடிகின்றது. அழும்போது மூக்கு ஒழுகுவதும் இதனாலேதான். மருந்தும் அதே வாய்க்காலில் ஓடிவிடுகின்றது.

கண்ணின் மேற்பரப்பில் இயல்பாக நிற்கும் கண்ணீர் ஏறக்குறைய 7 மைக்கிரோலீற்றர். குப்பியிலிருந்து விழும் துளியோ 30 முதல் 50 மைக்கிரோலீற்றர் வரை இருக்கும். இமைத்தவுடன் மிகுதி கன்னத்தில் வழியும். அல்லது மூக்குக்குள் இறங்கும். கண்ணின் உட்புறத்தை அடைவது பெரும்பாலும் நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவே. ஆகவே ஒன்றுக்கு மூன்று துளி விட்டாற் பயன் மும்மடங்காகாது. குப்பிதான் விரைவிற் காலியாகும்.

அந்தச் சிறு பங்கும் எளிதில் உட்செல்வதில்லை. முன்னே நிற்பது விழிவெண்படலம். தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவுதான். ஆயினும் அதன் வெளிப்படை கொழுப்புத் தன்மை வாய்ந்தது. நீரில் மாத்திரம் கரையும் பொருளை அது தடுக்கும். நடுப்படை நீர் நிறைந்தது. கொழுப்பில் மாத்திரம் கரையும் பொருள் அங்கே தடைப்படும். இரண்டிலும் ஓரளவு கரையத்தக்க மருந்தே இவ்விரு வாயில்களையும் நன்கு கடக்கும்.

கண்ணமுக்க நோயாகிய கிளோக்கோமாவுக்குத் தரப்படும் ரிமோலோல் அத்தகையது. கதிராளியின் பின்னேயுள்ள ஓர் இழையம் கண்ணினுள் ஓயாது நீரைச் சுரக்கின்றது. அச்சுரப்பைக் குறைத்து, இம்மருந்து அமுக்கத்தைத் தணிக்கின்றது.

மூக்கில் இறங்கிய பங்கோ வீணாவதோடு நின்றுவிடுவதில்லை. விழுங்கிய குளிசை முதலில் ஈரலைக் கடக்கவேண்டும்; அங்கே மருந்தின் ஒரு பகுதி சிதைந்துவிடும். மூக்கின் மென்சவ்வால் உறிஞ்சப்படுவது ஈரலை முதலிற் காணாமல் நேரே குருதியிற் கலக்கின்றது. ரிமோலோல் இவ்வாறு கலந்தால் இதயத் துடிப்பு மந்தமாகலாம். தொய்வு நோயாளருக்குச் சுவாசக் குழாய்கள் சுருங்கி உயிராபத்தும் நேரலாம். இரவில் மூச்சு முட்டும் முதியவரின் வீட்டிலே, கண் மருந்துக் குப்பியை எவர் சந்தேகிப்பார்? தொய்வோ இதய நோயோ இருப்பின் அதைக் கண் வைத்தியரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். மற்ற வைத்தியரிடம் மருந்துகளைக் கூறும்போது கண் துளியையும் சேர்த்துக் கூறுங்கள்.

துளியை விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கை அடுத்த மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வாய்க்கால் அடைபடும், மருந்து கண்ணிலே தங்கும். இரண்டாவது மருந்தும் இருந்தால் ஐந்து நிமிடமாவது பொறுத்து விடுங்கள். இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.