தியேட்டருக்காக எடுக்காத காட்டேரிப் படம்

கார்ட்டூன் படம் என்றாலே குழந்தைகள் சமாசாரம் என்று எண்ணுவோர் பலர். ஆனால் ஜப்பானில் 1985-ம் ஆண்டு டிசம்பரில் பெரியவர்களுக்கென்றே ஒரு கார்ட்டூன் படம் வெளிவந்தது. அதுவும் தியேட்டரை நம்பி அல்ல. வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோ கேசட்டை நம்பி!

படத்தின் பெயர் ‘வாம்பயர் ஹன்டர் டி’. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் ‘டி’ என்பவனின் கதை. ஹிடேயுகி கிகுச்சி 1983-ல் எழுதிய நாவலை டொயோ அஷிடா படமாக இயக்கினார். 80 நிமிடம் ஓடுகிறது.

ஊர் ஒதுக்கிய பெண்

கதை பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்திய காலத்தில் நடக்கிறது. தாய் தந்தையை இழந்து, தம்பியுடன் வாழும் டோரிஸ் என்ற பெண்ணை, கோட்டையில் வாழும் லீ பிரபு என்ற காட்டேரி கடித்துவிடுகிறது. அவளை மனைவியாக்கிக்கொள்ளத் துடிக்கிறது. கடிபட்ட செய்தி பரவியதும் ஊரார் அவளை ஒதுக்குகிறார்கள். கடையில் சாமான் தரவும் மறுக்கிறார்கள்.

அவளைக் காப்பாற்ற வருகிறான் டி. அவனுக்குக் கூலி கொடுக்க அவளிடம் பணம் இல்லை. ‘சாப்பாடு போடுகிறேன், என்னையே தருகிறேன்’ என்கிறாள்.

டி-யின் தாய் மனிதப் பெண், தந்தையோ காட்டேரி. இரண்டு கூட்டமும் அவனைத் தன்னவனாக ஏற்கவில்லை. மனிதர்களை இழிவாக நினைக்கும் பிரபுவின் மகளும் கடைசியில், தன் உடம்பிலும் பாதி மனித ரத்தமே ஓடுகிறது என்று அறிகிறாள். அதைத் தாங்காமல், இடிந்து விழும் கோட்டையிலேயே தந்தையோடு மடிகிறாள்.

கேசட் தந்த சுதந்திரம்

டி.வி. தொடருக்கு விளம்பரதாரர் தயவு வேண்டும்; வீட்டில் குழந்தைகளும் பார்ப்பார்கள். தியேட்டருக்கோ பெருங்கூட்டம் வர வேண்டும். கேசட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. விரும்புகிறவர் வாங்கினால் போதும். 1983-ல் ‘டல்லோஸ்’ என்ற படம் இந்த வழியைத் திறந்துவிட்டது. ரத்தமும் சோகமும் நிறைந்த டி-யின் கதையும் அதே வழியில் வந்தது.

1992-ல் ஸ்ட்ரீம்லைன் நிறுவனம் அமெரிக்காவில் இதை ஆங்கிலத்தில் டப் செய்து வெளியிட்டது. அங்கும் ரசிகர்கள் கிடைத்தார்கள். 2000-ம் ஆண்டில், யோஷியாகி கவாஜிரி இயக்கத்தில் ‘பிளட்லஸ்ட்’ என்ற இரண்டாவது படம் தயாரானபோது, ஜப்பானிய வசனத்துக்கு முன்பே ஆங்கில வசனத்தைப் பதிவு செய்தார்கள். கேசட்டுக்காகப் பிறந்த கதை, இம்முறை தியேட்டருக்கே போனது.

நாடா போனாலும்

கேசட் நாடா காலப்போக்கில் கெட்டுப் போகும். ஓட்டிப் பார்க்கும் கருவியும் அரிதாகிவிட்டது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.சி.ஆர். தயாரிப்பை 2016-ல் நிறுத்திவிட்டது. கேசட்டிலேயே நின்றிருந்தால் படமும் அதோடு போயிருக்கும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1985-ம் ஆண்டுப் படத்தைச் சுத்தம் செய்து புளூ-ரே தட்டாக வெளியிட்டுவிட்டார்கள்.