நதியோரச் சிற்றூர்கள் – 9: கடலுக்குப் புறப்படும் பெருமாள்

சென்ற வாரம் மணிமுத்தாற்றை விருத்தாசலத்தில் விட்டுவந்தோம். அது வெள்ளாற்றோடு சேருமிடம் கூடலையாற்றூர். அதன் அருகேதான் முதுகுன்றத்துக்கு, அதாவது விருத்தாசலத்துக்கு, வழி கேட்ட சுந்தரருக்கு, அந்தணர் வேடத்தில் வந்த சிவன் கூடலையாற்றூர் போகும் வழியைச் சொன்னாராம். கேட்ட ஊரை விட்டு வேறோர் ஊருக்கு வழி சொல்லும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இன்னும் போய்விடவில்லை!

பக்கத்தில்தான் ஸ்ரீமுஷ்ணம். ஆறு ஊரை உரசிக்கொண்டு ஓடவில்லை. சற்றுத் தள்ளி வடக்கே ஓடுகிறது. வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து உண்டான வெள்ளாறு வடகிழக்குப் பருவமழையில் கரை தொட்டுப் போகும். மாசி பிறந்தால் பெரும்பாலும் மணல்தான்.

ரயில் வராத ஊர். விருத்தாசலத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பேருந்துகள் நின்று போகும். சுற்று வட்டாரத்துக்கு விதை வாங்கவும் நகை வாங்கவும் கல்யாணத்துக்குத் துணி எடுக்கவும் இதுதான் ‘டவுன்’. காட்டுமன்னார்கோவிலிலிருந்து பிரித்துத் தனி வட்டமாக்கினார்கள். ஆனாலும் வழி கேட்டால் எல்லாவற்றையும் கோயிலிலிருந்துதான் அளந்து சொல்கிறார்கள்.

அந்தக் கோயிலில் பன்றி அவதாரப் பெருமாளான பூவராகர் மேற்கே பார்த்து நிற்கிறார், முகத்தை மட்டும் தெற்கே திருப்பிக்கொண்டு. இரு கைகளும் இடுப்பில். வேலை முடித்த விவசாயி வரப்பில் நிற்பதைப் போலத்தான் எனக்குப் பட்டது. தானாகத் தோன்றிய எட்டுத் தலங்களில் ஸ்ரீமுஷ்ணமும் ஒன்று என்பது வைணவர் நம்பிக்கை. ஸ்ரீரங்கமும் திருப்பதியும் பத்ரியும் அந்த வரிசையில் உண்டு. அங்கெல்லாம் கிடைக்காத பிரசாதம் இங்கே உண்டு: கோரைக்கிழங்கு. பன்றி மண்ணைக் கிளறித் தின்னும் அதே கிழங்கு. வயலில் களையென்று பிடுங்கி எறிவதைச் சன்னதியில் கை நீட்டி வாங்கிக்கொள்கிறோம். சாமிக்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிய அந்த முன்னோர் யாரோ, ரசிகர்!

பதினாறு கால் புருஷசூக்த மண்டபத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். நாயக்கர் காலத்து வேலை. தூண்களில் நிற்கும் நாயக்கர்களின் கொண்டையையும் உடைவாளையும் பார்த்தாலே அவர்களின் செல்வாக்கு புரியும். செஞ்சி நாயக்கர் மரபின் கிருஷ்ணப்ப நாயக்கரை 1597இல் நேரில் கண்டவர் பிமெண்டா என்ற சேசு சபைப் பாதிரியார். வெள்ளாறு கடலில் விழும் பரங்கிப்பேட்டையில் போர்ச்சுக்கீசியர் வணிகம் செய்த காலம் அது.

ஆறு போகும் அந்தத் திசையில்தான் பெருமாளும் ஆண்டுதோறும் புறப்படுகிறார். மாசி மகத்துக்கு உற்சவரான யக்ஞவராகர் சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி காண்கிறார். வழியெல்லாம் மண்டகப்படி. கிள்ளை தர்கா அருகே முஸ்லிம்கள் பட்டும் மாலையும் தந்து வரவேற்கிறார்கள். பெருமாளுக்குச் சாத்திய மாலை தர்காவுக்குப் போகிறது. இதை ‘மத நல்லிணக்க விழா’ என்று செய்தித்தாள்கள் எழுதும். அந்த ஊர்க்காரர்கள் அப்படிப் பெயர் சூட்டுவதில்லை. ‘சாமி வருது’ என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆறு வற்றிக் கிடக்கும் மாதத்தில் பெருமாள் கடலுக்குப் போய்த் திரும்பிவிடுகிறார். நாமும் அதே வழியில் போவோம். அடுத்த வாரம் புவனகிரி.

(தொடரும்)