பழையன காப்பவர்கள்



சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு கிராமப் பங்கில் ஆலயக் கூரையை மாற்றினோம். திருப்பண்ட அறையின் அலமாரியில் காகிதக் கட்டுகள் கிடந்தன. பாதியைக் கரையான் தின்றிருந்தது. "குப்பையோடு சேர்த்து எரித்துவிடுங்கள்" என்று சொன்னவர்கள் நாமே. மறு ஆண்டு மலேசியாவிலிருந்து ஒருவர் தம் தாத்தாவின் ஊரைத் தேடி வந்தார். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரும் நாளும் கிடைத்தன. எந்தத் தெரு, எந்த வீடு, உறவினர் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டார். அதையெல்லாம் அந்தக் காலத்து உபதேசியார் வீடு வீடாகப் போய் எழுதி வைத்திருந்தார் என்றும், அந்தக் கணக்கு அலமாரியில்தான் இருந்தது என்றும் கோவில்பிள்ளை மெதுவாகச் சொன்னார். வந்தவர் ஆலயத்தை இரண்டு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து, ஊர்ப் பழமையைச் சேர்த்துவைக்கும் சிறிய அருங்காட்சியகங்களையும் அவற்றை நடத்தும் மனிதர்களையும் நாம் வேறு கண்ணோடு பார்க்கிறோம். அவர்கள் செய்வதுதான் என்ன?

பேரையூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தூரம் போக வேண்டியதில்லை. நம் வட்டத்தைச் சேர்ந்த தே. கல்லுப்பட்டியில் 1976-ஆம் ஆண்டு தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அதே ஊரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர், லண்டனில் கணக்கியல் படித்தவர், பின்பு காந்தியடிகளுடன் சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர். அவர் பொருளாதார அறிஞர் என்பது பலருக்குத் தெரியும். ஓர் அருங்காட்சியகம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. வார்தாவில் 1938 டிசம்பர் 30 அன்று காந்தியடிகள் திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் கிராமத் தொழில்களுக்கான அருங்காட்சியகம். மன்னர்களின் வாளுக்கும் கிரீடத்துக்கும் அங்கே வேலை இல்லை. இராட்டையும் செக்கும் போன்ற கிராமத்துக் கருவிகளுக்கே மரியாதை.

நம் ஊர்களில் இதை இன்னும் முழுமையாக நாம் ஏற்றுக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. அருங்காட்சியகம் என்றவுடன் சிலையும் செப்பேடும்தான் நினைவுக்கு வருகின்றன. கமலை இறைத்த சால், நெல் அளந்த மரக்கால், தானியம் கொட்டிய குதிர், பாட்டி அரைத்த திருகை இவையெல்லாம் பரணுக்கும் பின்பு பழைய இரும்புக் கடைக்கும் போகின்றன. மின்மோட்டார் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளிடம் கமலை என்று சொன்னால், அது ஒரு பெண்ணின் பெயர் என்று நினைப்பார்கள்.

காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தம் வருவாயில் பழைய நூல்களை வாங்கிச் சேர்த்தார். நூல்களோடு நின்றாரா? இதழ்கள், நாடக விளம்பரத் தாள்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று மற்றவர்கள் கிழித்துப் போட்டவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் பொருள்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு எடுத்துச் செல்லாமல், 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் அமைக்க வழிசெய்தது. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயாவும் இப்படி ஒரு குடும்பத்தின் உழைப்பில் வளர்ந்ததே. வீட்டுச் செலவுக்கும் புத்தகச் செலவுக்கும் நடுவே இவர்களெல்லாம் எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள்!

சேர்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி எழுதுவது. பொருள் வந்த அன்றே அதற்கு ஓர் எண் கொடுத்து, யார் தந்தது, எந்த வீட்டில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது, எப்போது கைவிடப்பட்டது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். தந்தவர் சொல்லும் பேச்சு வழக்கையே எழுதுவது நல்லது. கருவியின் உறுப்புகளுக்கான சொற்கள் அகராதியில் இல்லாமல் போகலாம். மதுரை தமுக்கத்தில், 1959-இல் பண்டித நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே இரத்தக் கறை படிந்த ஒரு துணி இருக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் உடுத்தியிருந்தது என்ற செய்தி அதனோடு சேர்ந்து காக்கப்பட்டதால்தான் அதன் முன் நாம் மௌனமாக நிற்கிறோம். செய்தி தொலைந்திருந்தால் அது வெறும் பழந்துணி.

பிறகு காவல். வெயிலும் ஈரமும் கரையானும் வெள்ளிப்பூச்சியும் விடுமுறை எடுப்பதில்லை. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் தள்ளி வைப்பது, மழைக்காலம் முடிந்ததும் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது, ஒளிநகல் எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது என்று அலுப்பான வேலைகள் பல. பார்வையாளர் எவருமே வராத நாளிலும் இவை நடக்க வேண்டும்.

இதில் திருச்சபைக்கும் கடமை உண்டு. பழைய பங்குப் பதிவேடுகளைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 535 சொல்கிறது. ஆவணக் காப்பகங்களைப் பற்றி 1997-லும், திருச்சபை அருங்காட்சியகங்களின் மேய்ப்புப்பணி பற்றி 2001-லும் வத்திக்கான் தனித்தனியே சுற்றுமடல் அனுப்பியது. குருமடத்தில் சட்டம் படித்தவர்கள்தாம் நாமும். படித்ததும் எரித்ததும் ஒரே கைதான்.

செண்பகனூரில் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் இயேசு சபையினர் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். செடிகளையும் உயிரினங்களையும் சேகரித்ததோடு, பழனி மலையின் கல்திட்டைகளையும் அளந்து எழுதினார்கள். அருட்தந்தையர் ஆங்கிலேட், நியூட்டன் எழுதிய அந்த ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. மறைப்பணிக்கு நடுவே கல்லை அளக்க நேரம் எங்கே என்று அவர்களை யாராவது கேட்டிருக்கவும் கூடும்.

இப்போது நம் பங்கு அலுவலகத்தில் நீளமான கோடு போட்ட குறிப்பேடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். வீட்டில் பழைய படமோ, கடிதமோ, கருவியோ இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். பொருளை எங்களிடம் தர வேண்டும் என்பதில்லை. அதன் கதையை எழுதிக்கொள்ள விட்டால் போதும். இதுவரை இரண்டு மட்டுமே ஏறியிருக்கின்றன. எண் 1: பித்தளைப் பூண் போட்ட மரக்கால். எண் 2: பழைய ஆலய மணியின் நாக்கு. அதைத் தந்த பெரியவர், அந்த மணி உடைந்த நாளைப் பற்றிச் சொல்ல அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.