ஒளிவாளுக்குள் ஒரு கேமரா ஃபிளாஷ்: கடைச் சாமானில் 'ஆயுதம்' செய்வது எப்படி, எங்கே நிறுத்துவது?

'ஸ்டார் வார்ஸ்' படங்களைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்த ஒளிவாள் தெரிந்திருக்கும். பட்டனைத் தட்டினால் நீல நிறத்தில் ஒளி நீளும். லூக் ஸ்கைவாக்கர் கையில் இருந்த அந்த வாளின் கைப்பிடியை எந்தப் பட்டறையில் செய்திருப்பார்கள்?

எந்தப் பட்டறையிலும் இல்லை. லண்டனில் ஒரு கேமரா கடையில் வாங்கினார்கள்.

1977-ல் வெளியான முதல் படத்தின் செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன். கிரேட் மார்ல்பரோ தெருவில் இருந்த ஒரு கேமரா கடையில், பழைய சரக்குகளுக்கு நடுவே அவர் கண்ணில் பட்டது 'கிராஃப்ளெக்ஸ்' ஃபிளாஷின் பிடி. 1940-களில் பத்திரிகை போட்டோகிராபர்கள் பெரிய கேமராவோடு சேர்த்துப் பிடித்திருந்த உலோகக் குழாய் அது. உள்ளே பேட்டரி, வெளியே சிவப்பு பட்டன். வழுக்காமல் பிடிக்க, அலமாரிக் கதவு ஓடுவதற்கான 'டி' வடிவ பிளாஸ்டிக் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, பசை போட்டு அதில் ஒட்டினார். நடுவில் ஒரு பாக்கெட் கால்குலேட்டரின் டிஸ்ப்ளே பட்டை. இடுப்பில் தொங்கவிட ஒரு வளையம். அவ்ளோதான், உலகத்தின் மிகப் பிரபலமான சினிமா ஆயுதம் தயார்.

முதல் இரண்டு படங்களில் லூக் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட ஓர் ஒளிவாள், 2008-ல் நடந்த ஏலத்தில் 2,40,000 டாலருக்குப் போனது. ரோஜர் கிறிஸ்டியன் உள்ளிட்ட கலை இயக்கக் குழுவுக்கு 1978-ல் ஆஸ்கர் கிடைத்தது.

காசு இல்லாததால் வந்த யோசனை

முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பட்ஜெட் சுமார் 1.1 கோடி டாலர். அண்டவெளி, போர்க்கப்பல், ரோபோ, நூற்றுக்கணக்கான வீரர்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் புதிதாக டிசைன் செய்து வார்த்தெடுக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அதனால், ஏற்கெனவே இருக்கும் பொருளை எடுத்து அதன் அடையாளத்தை மறைத்தார்கள்.

ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களின் துப்பாக்கிக்கு அடிப்படை பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங். ஹான் சோலோவின் துப்பாக்கி, ஜெர்மனியின் பழைய மவுசர் பிஸ்டல். அவற்றின் மேல் டெலஸ்கோப்பும் உதிரிப் பாகங்களும் ஏறியதும் வேற்றுக்கிரகச் சாமான் ஆகிவிட்டன. ஓபி-வான் கெனோபியின் ஒளிவாளில் ஜெட் என்ஜின் குழாய், முதல் உலகப் போர் காலத்து ரைபிள் கிரெனேடின் பாகம் ஆகியவற்றோடு ஒரு தண்ணீர்க் குழாயின் திருகும் இருக்கிறது. ஆமாம், பாத்ரூமில் திருப்புகிற அதே திருகுதான்.

இது ஸ்டார் வார்ஸ் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1963-ல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் வந்த டாலெக் என்ற வில்லன் இயந்திரத்துக்கு ஒரு கை வேண்டியிருந்தது. சிங்க் அடைப்பு எடுக்கும் ரப்பர் குமிழ் கையாக மாறியது. 1999-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில், குவை-கான் ஜின் என்ற வீரர் கையில் வைத்துப் பேசும் கருவி, பெண்களுக்கான ஜில்லெட் ரேஸரின் பிடியை அச்செடுத்துச் செய்தது. அந்தப் படத்துக்குப் பணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

கண் எப்படி ஏமாறுகிறது?

ஒரு பொருள் 'நிஜம்' என்று நாம் நம்புவதற்கு, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. வேலை செய்யும் என்று தோன்றினால் போதும். நிஜமான தொழிற்சாலைப் பொருளில் திருகு, மடிப்பு, பிடிமானக் கோடு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தத் துண்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தாலும், காரணம் உள்ள பொருளின் களை அதைவிட்டுப் போவதில்லை. கண் அதைப் பார்த்து, 'இது எதற்கோ இருக்கிறது' என்று தானே கதை கட்டிக்கொள்கிறது.

மேற்பரப்பில் ஒட்டும் இந்தச் சின்னச் சின்ன உதிரிகளுக்கு ப்ராப் செய்பவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிரீபிள்'. ஸ்டார் வார்ஸ் விண்கலங்களின் உடம்பு முழுக்க இருப்பவை, கடையில் விற்கும் டாங்கி, கப்பல் பொம்மை மாடல் கிட்களின் பாகங்கள்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பார்ப்பவர், 'அட, இது எங்க வீட்டு ஷாம்பு மூடி!' என்று கண்டுபிடித்துவிட்டால் கதை கந்தல். திருப்பி வைப்பது, பாதியாக வெட்டுவது, ஒரே நிறம் அடிப்பது என்று எல்லாமே அந்த அடையாளத்தை அழிக்கத்தான்.

வீட்டில் செய்ய என்ன வேண்டும்?

முதலில் ஒரு முடிவு: நிஜத் துப்பாக்கியின் நகல் வேண்டாம், கற்பனை ஆயுதம் செய்யலாம். காரணம் பின்னால் வருகிறது. கலை என்று பார்த்தாலும் இதுதான் சுவாரஸ்யம். நகல் செய்தால், 'எவ்வளவு ஒத்துப்போகிறது' என்ற ஒரே கேள்விதான். கற்பனை செய்தால் தவறே கிடையாது.

ஹார்டுவேர் கடையும் ஃபேன்ஸி ஸ்டோரும் பெரும்பாலான தேவையைத் தீர்த்துவிடும்.

* உடம்பு: ஒன்றரை இன்ச் பிவிசி பைப், கப்ளிங், மூடி. ஒளிவாள் பிடி, விண்வெளித் துப்பாக்கி இரண்டுக்கும் இதுவே முதுகெலும்பு.
* தட்டையான பாகங்கள்: குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் ஃபோம் மேட். கட்டர் பிளேடால் எளிதாக வெட்டலாம். கோடரி, வாள் முனைக்கும் இதுதான். யார்மீதாவது பட்டாலும் காயம் ஆகாது.
* உதிரிகள்: பேனா மூடி, ஸ்பிரிங், பழைய ரிமோட்டின் உட்பாகம், பாட்டில் மூடி, கேபிள் டை, வாஷர்.
* ஒட்டவும் நிரப்பவும்: ஹாட் குளூ, எம்-சீல். இரண்டு பைப் சேரும் இடத்தில் எம்-சீலை மெல்லிய கயிறுபோல உருட்டி வைத்து, ஈர விரலால் அழுத்தினால் வெல்டிங் அடித்த மாதிரி இருக்கும்.

வேலை தொடங்கும் முன், பளபளப்பான பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் இரண்டே நாளில் உரிந்து வரும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். பிவிசி பைப்பை நெருப்பில் காட்டி வளைக்கவே கூடாது. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும். ஸ்ப்ரே பெயின்ட் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்கணும். ஃபோமுக்கு நேரடியாகப் பெயின்ட் அடித்தால் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு மூன்று கோட் பூசி, காயவிட்டு, பிறகு அடிக்கலாம்.

பெயின்ட்டில்தான் பாதி வேலை

முதலில் எல்லாவற்றுக்கும் மேட் கறுப்பு. ஷாம்பு மூடியும் பைப்பும் ஒரே பொருளாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான். அடுத்து, பிரஷ்ஷில் கொஞ்சமாக சில்வர் தொட்டு, அதை ஒரு துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் லேசாக வருட வேண்டும். கை படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு தெரிகிற மாதிரி ஆகிவிடும். பென்சில் கரித்தூளை விரலால் தேய்த்தாலும் அச்சு அசல் உலோக மினுமினுப்பு.

கடைசியாக அழுக்கு. கறுப்பும் பிரவுனும் நிறையத் தண்ணீரில் கலந்து இடுக்குகளில் விட்டு, மேலே துடைத்துவிட வேண்டும். கொஞ்சம் பயன்படுத்தி, கொஞ்சம் தேய்ந்து, எப்போதோ ஒருமுறை ரிப்பேர் ஆன பொருளாக அது தெரியும். ஸ்டார் வார்ஸுக்கு முந்தைய பல விண்வெளிப் படங்களில் எல்லாமே புத்தம் புதிதாக மின்னும். இந்தப் படத்தில் எல்லாமே அழுக்கு. நிஜம் என்று நம்ப வைத்ததும் அதுதான்.

போட்டோவில் எப்படி நிஜமாக்குவது?

நேரில் பார்த்தால் சுமாராக இருக்கும் ப்ராப்கூட போட்டோவில் அசத்தும். ஏனென்றால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது எடுப்பவர் கையில்.

* ஃபிளாஷ் வேண்டாம். முன்னாலிருந்து வரும் வெளிச்சம் பிளாஸ்டிக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். காலை நேர ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு எழும்.
* தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூம். போனைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் முனை மட்டும் வீங்கி, பொம்மை மாதிரி ஆகிவிடும்.
* அளவு தெரியக் கூடாது. பின்னால் சுவிட்ச் போர்டோ, டம்ளரோ இருந்தால் மாயம் கலைந்துவிடும். ஒரு கறுப்புத் துணி போதும்.
* எக்ஸ்போஷரைக் குறைக்கலாம். திரையில் தட்டி, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் இருட்டில் குறைகள் ஒளிந்துகொள்ளும்.
* நிறம். இன்னொரு போனில் நீலத் திரையை முழு பிரைட்னஸில் வைத்துப் பின்னாலிருந்து காட்டினால், விளிம்பில் ஒரு நீலக் கோடு விழும். கொஞ்சம் சாம்பிராணிப் புகை இருந்தால் அந்த ஒளி காற்றிலும் தெரியும்.

முதல் படத்திலும் ஒளிவாளின் ஒளி இப்படிப்பட்ட ஏற்பாடுதான். வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் பொருள் பூசிய கம்பியை மோட்டார் வைத்துச் சுழற்றிப் படம்பிடித்தார்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமிலும் நிறம் சேர்த்தார்கள்.

ஃபிரேமுக்கு வெளியே என்ன ஆகும்?

இதுவரை சொன்னதெல்லாம் பார்ப்பவரை நம்ப வைக்கும் வித்தை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. போட்டோவுக்கு ஒரு சட்டகம் இருக்கிறது, 'இது கதை' என்று அது சொல்லிவிடும். தெருவில் சட்டகம் கிடையாது.

2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் டாமிர் ரைஸ், போலீஸ் வந்து இறங்கிய சில நொடிகளிலேயே சுடப்பட்டான். மறுநாள் இறந்துபோனான். பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் அந்தப் பொம்மையில், பொம்மை என்று காட்ட வேண்டிய ஆரஞ்சு நிற முனை இல்லை. பொம்மைத் துப்பாக்கிக்கு அப்படி ஓர் அடையாளம் வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1988-லேயே வந்துவிட்டது. பிரிட்டனில் 2006-ல் வந்த சட்டம், நிஜம்போல் தோன்றும் போலித் துப்பாக்கியைத் தயாரிப்பதையும் விற்பதையுமே குற்றமாக்கியது. சினிமா, நாடகம், அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 2017-ல் ஃபீனிக்ஸ் காமிக் கான் நிகழ்ச்சிக்குள் நிஜத் துப்பாக்கிகளுடன் நுழைந்த ஒருவர் கைதானார். பொய் ஆயுதங்களின் கூட்டத்தில் நிஜம் கலந்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது? அமைப்பாளர்கள் எல்லா ப்ராப் ஆயுதங்களுக்கும் தடை போட்டார்கள். மாதக்கணக்கில் உழைத்துச் செய்தவர்கள் வெறுங்கையோடு வர வேண்டியதாயிற்று.

இந்தியாவில்? போலித் துப்பாக்கியை நிஜமாகச் சுடும்படி மாற்றுவதற்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். பொம்மையைக் காட்டி ஒருவரை மிரட்டினாலும் மிரட்டல் மிரட்டல்தான். விமானத்தில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போட்டுக் கைதான செய்தி தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. போட்டோவைப் பார்க்கும் போலீஸுக்கு அது ஃபோமா, இரும்பா என்று தெரியாது.

சென்னையிலும் 2024 பிப்ரவரியில் காமிக் கான் வந்துவிட்டது. ப்ராப் செய்பவர்களின் எண்ணிக்கை கூடத்தான் போகிறது. அவர்கள் மனதில் வைக்க வேண்டியவை நான்கே நான்கு:

1. கற்பனை ஆயுதமாக இருக்கட்டும். தூரத்தில் பார்த்தாலே 'இது இந்த உலகத்துது இல்லை' என்று தெரிய வேண்டும். துப்பாக்கி என்றால் முனையில் ஆரஞ்சு நிறம். அதை எடிட்டிங்கில் மறைத்துக்கொள்ளலாம்.
2. பையில் மூடித்தான் எடுத்துப் போக வேண்டும். பைக்கில், பஸ்ஸில், மெட்ரோவில் கையில் வைத்துக்கொண்டு போகக் கூடாது.
3. ஷூட்டிங் வீட்டுக்குள்ளோ, அனுமதி வாங்கிய இடத்திலோ. மொட்டை மாடி என்றால் பக்கத்து வீட்டாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.
4. பதிவிடும்போது செய்முறைப் படமும் சேரட்டும். பைப்பும் மூடியும் தெரியும் ஒரு போட்டோ, பார்ப்பவரின் பயத்தைப் போக்கிவிடும்.

நான்காவதில் கூடுதல் லாபமும் உண்டு. முடிந்த ப்ராப்பின் படத்தைவிட, 'இது எதிலிருந்து வந்தது' என்று காட்டும் படத்தைத்தான் பலர் நின்று பார்ப்பார்கள். ஸ்டார் வார்ஸ் ரசிகர்களும் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு ஒளிவாளிலும் எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரு தண்ணீர்க் குழாயின் திருகுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது அதனால்தான்.